சில்லக்குடி மணற்கல்லில் கிளைத்த குழல்கள்: ஓர் ஓடைக்கரை வெட்டுமுகத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் தரைமட்டத்திலேயே தெரியும், டைனோசர் யுகத்தின் கடைசிப் பகுதியான கிரெட்டேசியக் காலத்தின் கடற்படிவுப் பாறைகள் 1840-களிலிருந்து தொல்லுயிர் ஆய்வாளர்களின் கவனத்தில் இருந்துவருகின்றன. கே, கன்லிஃப் ஆகிய இருவர் திரட்டிய சிப்பிகளையும், சுருள் ஓடுடைய கடலுயிர்களான அம்மோனைட்டுகளையும் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்தார். 1860-களில் ஹென்றி பிளான்ஃபோர்ட் இப்பாறைகளைக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று பிரிவுகளாக வகுத்தார். அந்தப் பகுப்பு, உட்பிரிவுகள் பல முறை மாற்றப்பட்ட பிறகும், இன்றுவரை அடிப்படையாக நிற்கிறது.

மூன்றில் இளையதான அரியலூர்க் குழுமத்தில் நான்கு தொகுதிகளைப் பொதுவாகக் குறிப்பிடுவார்கள்: அடியில் சில்லக்குடி மணற்கல், அதன் மேல் சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டப்படும் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல், பின்னர் ஒட்டக்கோவில், உச்சியில் கல்லமேடு. முதல் மூன்றும் கடலில் படிந்தவை. கல்லமேடு மட்டும் பெரும்பாலும் ஆற்றுப் படிவு. டைனோசர் எலும்புகள் அங்கிருந்து கிடைத்துள்ளன. ஒரே குழுமத்துக்குள் கடலும் நிலமும் மாறி வந்திருப்பதால், இங்கே ஓர் அடுக்கில் மர வேர் இருந்தது என்று எவரேனும் சொன்னால் அதைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. அந்த அடுக்கு படிந்தபோது கடற்கரை எங்கே இருந்தது என்ற கணக்கையே அது மாற்றிவிடும்.

இந்த ஆய்வு அத்தகைய ஒரு கூற்றைப் பற்றியது. ஏறத்தாழ எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த சில்லக்குடி மணற்கல்லில், ஓர் ஓடைக்கரையில் வெளிப்பட்ட கிளைத்த குழல்களை ஊரார் கல்வேர் என்றார்கள். பள்ளி ஆசிரியர் ஒருவரும் அவ்வாறே கருதினார். கல்லூரி ஒன்றின் புவியியல் துறையைச் சேர்ந்த நாங்கள் சிலர் அதைப் பார்க்கச் சென்றோம். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களும் ஓடையின் துல்லியமான இடமும் இங்கே தரப்படவில்லை. இடத்தைத் தராததற்குக் காரணம் உண்டு: இப்பகுதியில் புதைபடிவங்களை விலைக்கு வாங்க ஆள் வந்துபோவது அனைவரும் அறிந்ததே.

முதல் தகவல்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், புறம்போக்கு நிலத்தின் வழியே ஓடும் ஒரு சிற்றோடையின் கரை சரிந்து புதிய முகம் தெரிந்தது. ஆடு மேய்க்கச் சென்ற மாணவர் ஒருவர் அங்கிருந்து விரல் நீளத் துண்டு ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தார். ஒரு முனை தடித்தும் மறுமுனை கூர்ந்தும் இருந்த அத்துண்டு, பார்த்த மாத்திரத்தில் வேரின் நுனியைப் போலவே இருந்தது. அறிவியல் ஆசிரியர் நேரில் சென்று பார்த்து, கரை முழுவதும் இதே போன்ற குழல்கள் கிளைவிட்டு இறங்குவதைக் கண்டு, படங்களை எங்களுக்கு அனுப்பினார்.

அவர் வேர் என்று கருதியதற்கு நியாயமான பின்புலம் இருந்தது. பெரம்பலூர் மாவட்டத்தின் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது; சுற்றுவட்டாரப் பள்ளிகள் ஆண்டுதோறும் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்கின்றன. மரம் இருந்த ஊரில் வேரும் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் சாத்தனூர் மரம் நின்ற இடத்தில் கல்லானதன்று. கரையிலிருந்து அடித்துவரப்பட்டு, ஆழங்குறைந்த கடலின் அடியில் புதைந்தது. அது கிடக்கும் பாறையும் திருச்சிராப்பள்ளிக் குழுமத்தைச் சேர்ந்தது, சில்லக்குடி மணற்கல்லை விட மூத்தது. எனவே அந்த மரத்தைக் கொண்டு இந்த ஓடையைப் பற்றி எதையும் முடிவு செய்ய இயலாது.

நாங்கள் போவதற்கு முன்பே இன்னொன்றும் நடந்திருந்தது. சரிவில் விழுந்து கிடந்த ஒரு பெரிய பலகைக்கல்லை, ஊராட்சி உறுப்பினர் ஒருவரின் முயற்சியால் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து, பள்ளி வளாகத்தில் வேப்ப மரத்தடியில் நட்டுவைத்திருந்தார்கள். மீதியையும் பெயர்த்துக் கொண்டுவந்து ஒரு காட்சிக்கூடம் போல அமைப்பது அவர்களின் எண்ணம். நல்லெண்ணத்தில் செய்யப்பட்ட வேலை அது. அந்தக் கல் அங்கேயே கிடந்திருந்தால் அடுத்த மழையில் உடைந்திருக்கவும் கூடும்.

வெட்டுமுகத்தில் கண்டவை

கரையின் உயரம் ஆள் உயரத்தைக் காட்டிலும் சற்று அதிகம். அதில் மூன்று அடுக்குகள் தெளிவாகப் பிரிந்தன. அடியில் சாம்பல் நிறம் கலந்த களிமண் பாங்கான மென்மையான அடுக்கு. அதன் மேலே மஞ்சள் கலந்த பழுப்பு நிற நுண்மணற்கல், இதுவே முகத்தின் பெரும்பகுதி. எல்லாவற்றுக்கும் மேலே முழங்கால் உயரத்துக்குப் பருமணலும் உடைந்த சிப்பியோடுகளும் கலந்த கடினமான அடுக்கு. மேலடுக்குக்கும் நடுவடுக்குக்கும் இடையிலான எல்லை சமமாக இல்லாமல் மேடு பள்ளமாக இருந்தது. நடுவடுக்கில் நீரோட்டம் விட்டுச்சென்ற மெல்லிய சாய்வரிகள் (சாய்ந்த படிவுக் கோடுகள்) அந்த எல்லையில் வந்து திடீரென அறுபட்டன. படிந்த மணலின் மேற்பகுதியை நீரோட்டம் வழித்துச் சென்ற பின்னரே சிப்பி அடுக்கு படிந்தது என்பதற்கு இதுவே சான்று.

குழல்கள் நடுவடுக்கில் இருந்தன. சுற்றியுள்ள மணற்கல்லை விட அவற்றின் சுவர் கடினமாக, இரும்புக் கறை ஏறிச் சிவந்திருந்ததால், மழை மணலை அரித்துச் சென்ற பிறகு குழல்கள் மட்டும் துருத்திக்கொண்டு நின்றன. மேற்பாதியில் பெரும்பாலானவை ஏறக்குறைய நேராக இறங்கின. கீழே, களிமண் அடுக்கை நெருங்கும் மட்டத்தில், படுக்கைவாட்டில் திரும்பி ஒன்றோடொன்று இணைந்து வலைபோலப் பரவின. தடிமன் மேலிருந்து கீழ்வரை இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் என்ற அளவிலேயே இருந்தது. பிரியும் இடங்களில் குழல் சற்றுப் பருத்து, பின் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்த கிளைகள் தாய்க்குழலை விட மெலிந்துபோகவில்லை.

சுவரை லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் முக்கியமான செய்தி தெரிந்தது. நன்றாகப் பாதுகாக்கப்பட்ட குழல்களின் வெளிப்புறம் முழுவதும், சில மில்லிமீட்டர் அளவுள்ள களிமண் உருண்டைகள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டு, உரித்த மக்காச்சோளக் கதிரைப் போல முண்டும் முடிச்சுமாக இருந்தது. உடைந்த இடத்தில் உட்புறத்தைத் தடவிப் பார்த்தால் வழவழப்பாக இருந்தது. உருண்டைகள் சுற்றியுள்ள மணலால் ஆனவையல்ல. கீழே இருந்த சாம்பல் நிறக் களிமண்ணை ஒத்திருந்தன. குழலுக்குள் நிரம்பியிருந்ததோ நடுவடுக்கின் நுண்மணலும் அன்று. மேலடுக்கின் பருமணலும் சிப்பித் தூளும்.

எல்லாக் குழல்களிலும் உருண்டைகள் இல்லை. கீழே படுக்கைவாட்டில் சென்ற வலைப்பின்னலில், குறிப்பாகக் களிமண் அடுக்கைத் தொட்ட இடங்களில், சுவர் மழமழவென்று இருந்தது. இந்த வேறுபாடு பின்னர் குழுவுக்குள் ஒரு விவாதத்தைக் கிளப்பியது.

வேரா, வளையா

சிப்பிகள் இருப்பதால் இது கடல், கடலில் மரம் முளைக்காது, ஆகவே இது வேர் அன்று என்று முதுகலை மாணவர் ஒருவர் அங்கேயே முடித்துவிட முயன்றார். அந்தத் தர்க்கத்தை ஏற்கவில்லை. சிப்பிகள் மேலடுக்கில்தான் இருந்தன. குழல்கள் அதற்குக் கீழே. கடல் பின்வாங்கி, மணற்பரப்பு சில காலம் நிலமாகக் கிடந்து, அதில் செடிகள் வேரூன்றி, மீண்டும் கடல் ஏறிவந்து சிப்பிகளைக் கொட்டியிருந்தாலும் இதே வரிசைதான் கிடைக்கும். கடலோரச் சதுப்பு மரங்களின் வேர்கள் உவர்நீர் ஊறிய மண்ணிலேயே இறங்குகின்றன. ஆகவே குழல்களின் வடிவமும் சுவரும் நிரப்பும் தனித்தனியாக என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டியிருந்தது.

வேர் கீழே போகப் போக மெலியும். கிளை தாயை விட ஒல்லியாக இருக்கும். கிளைகளிலிருந்து மேலும் நுண்ணிய கிளைகள் பிரியும். பழைய மண்ணாக இருந்த அடுக்கில் வேரைச் சுற்றி நிறம் வெளுத்த வளையமோ சுண்ணாம்பு முடிச்சோ உண்டாவது வழக்கம். இவற்றுள் ஒன்றும் இம்முகத்தில் இல்லை. தடிமன் மாறாமை, பிரியும் இடத்தில் பருத்தல், கிளைகள் மீண்டும் ஒன்றோடொன்று இணைந்து வலையாதல் ஆகிய மூன்றும் விலங்கின் வளைக்கே உரியவை. பருத்த இடம் என்பது உள்ளே இருந்த விலங்கு உடலைத் திருப்பிக்கொள்ளத் தேவையான அகலம் என்று பொதுவாக விளக்கப்படுகிறது.

இருப்பினும் தீர்ப்பைச் சொன்னது சுவரில் இருந்த உருண்டைகள்தாம். வேர் எதுவும் களிமண்ணை உருட்டித் தன்னைச் சுற்றிப் பதித்துக்கொள்வதில்லை. இன்றைய கடற்கரைகளில் வளை தோண்டும் ஒருவகை இறால்கள், தளர்ந்த மணலில் சுரங்கம் சரிந்துவிடாதபடி, சேற்றைச் சளியுடன் குழைத்து உருண்டையாக்கிச் சுவரில் அழுத்தி, உட்புறத்தை மெழுகிவிடுகின்றன. வெளியே கரடும் உள்ளே மழமழப்பும் அந்த வேலையின் நேரடி விளைவு. உயிரியின் உடல் அல்லாமல் அதன் செயல் விட்டுச்சென்ற தடம் கல்லானால் அது தடப் புதைபடிவம். இத்தகைய உருண்டைச் சுவருள்ள தடப் புதைபடிவத்துக்கு ஓபியோமார்ஃபா என்று பெயர். உலகெங்கும் ஆழங்குறைந்த கடல் மணற்கற்களில் பரவலாகக் காணப்படுவது.

இங்கே ஊராரின் ஊகத்துக்காக ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை ஐரோப்பிய அறிஞர்களே இப்படிக் கிளைத்த குழல்களைக் கடற்பாசிகளின் எச்சங்கள் என்று வகைப்படுத்தித் தாவரப் பெயர்களைச் சூட்டிவந்தார்கள். சுவீடனைச் சேர்ந்த ஆல்ஃபிரட் நத்தோர்ஸ்ட், உயிருள்ள விலங்குகளைச் சேற்றில் ஊரவிட்டு அவை உண்டாக்கிய தடங்களை ஒப்பிட்டுக் காட்டிய ஆய்வை 1881-இல் வெளியிட்ட பிறகுதான் அந்தக் கருத்து தளரத் தொடங்கியது. கிளைவிட்ட ஒன்றைத் தாவரமாகக் காண்பது கண்ணின் பழக்கம்.

மாணவர் கொண்டுவந்த கூர்முனைத் துண்டுக்கும் விளக்கம் கிடைத்தது. ஒரே தடிமனுள்ள குழலைச் சாய்வாக உடைத்தால், உடைந்த பரப்பு ஒரு பக்கம் கூர்ந்து முடியும். வெட்டுமுகத்தின் அடியில் கிடந்த சில்லுகளிலேயே இவ்வாறு கூர்ந்தவை பல கிடந்தன. அத்துண்டு எந்த உயரத்திலிருந்து வந்தது, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பது மாணவருக்கு நினைவில்லை. ஆகவே அதை முடிவுக்கான சான்றாகக் கொள்ளாமல், இடம் அறியப்படாதது என்று எழுதி வைத்தோம்.

பள்ளி வளாகத்துப் பலகைக்கல்

பள்ளியில் நட்டிருந்த கல் இந்த நிகழ்வின் மிகவும் பயனுள்ள பகுதியாக அமைந்தது. குழல்கள் கிளைத்துக் கீழே இறங்குவது போல, மரத்தின் வேர்த்தொகுதி தோன்றும்படி, அதை நிறுத்தியிருந்தார்கள். பார்ப்பவருக்கு அது வேராகவே தெரிந்தது. நிறுத்திய விதமே ஒரு விளக்கமாக மாறிவிட்டது.

கல்லின் ஓரத்தில் குறுக்காக உடைந்த ஒரு குழலின் வட்டமான வாய் தெரிந்தது. அதன் ஒரு பாதியில் பருமணல். மறுபாதியில் சுண்ணாம்புக் கனிமமான கால்சைட்டின் நிறமற்ற படிகங்கள். இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தது போல நேரான எல்லை. குழலுக்குள் வந்து விழுந்த மணல் தரையில் பாதிவரை நிரம்பி நின்றுபோக, மேலே எஞ்சிய வெற்றிடத்தில் பின்னாளில் நிலத்தடி நீர் கால்சைட்டைப் படியவைத்திருக்கிறது. ஆகவே மணல் இருக்கும் பக்கம் அன்றைய கீழ்ப்பக்கம். படிகம் இருக்கும் பக்கம் மேற்பக்கம். நடுக்கோடு அன்றைய கிடைமட்டம். பள்ளியில் நின்ற கல்லில் அந்தக் கோடு சாய்ந்து, படிகங்கள் அடிப்பக்கமாகவும் மணல் மேற்பக்கமாகவும் இருந்தன. அதாவது கல் தலைகீழாக நடப்பட்டிருந்தது. அதே கல்லில் வேறு இரண்டு குழல்களின் வாயிலும் இதே வரிசை தெரிந்ததால் சந்தேகத்துக்கு இடம் இருக்கவில்லை.

ஆசிரியரிடம் இதைக் காட்டியபோது அவர் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “அப்படின்னா இது படுத்திருந்த சுரங்கம், நாங்கதான் நிமிர்த்தி வச்சிட்டோம், இல்லைங்களா சார்?” என்றார். அவர் சொன்னது இன்னும் ஒரு படி மேலே சரியாக இருந்தது. கோட்டைக் கிடைமட்டமாக வைத்துப் பார்த்தால், அந்தக் கல் வெட்டுமுகத்தின் கீழ்ப்பகுதியில் படுக்கைவாட்டில் பரவிய வலைப்பின்னலின் ஒரு துண்டு என்பது விளங்கியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, கரையிலிருந்து இனி எதையும் பெயர்க்கக் கூடாது என்பது. இதை ஊராட்சித் தரப்பிடம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சிப்பியோ எலும்போ தண்ணீரில் உருண்டு எங்கோ போய்ப் படியலாம். அது கிடக்கும் இடம் அது வாழ்ந்த இடமாக இருக்க வேண்டியதில்லை. வளை அப்படிப் பெயராது. தோண்டிய இடத்திலேயே அது கல்லாகிறது. எனவே அது எந்த அடுக்கிலிருந்து தொடங்குகிறது, எதுவரை இறங்குகிறது, எதனால் நிரம்பியிருக்கிறது என்ற மூன்றும்தான் அதன் மதிப்பில் பெரும்பகுதி. கரையிலிருந்து பெயர்த்த உடனே மூன்றில் இரண்டு போய்விடும். கூட்டத்தில் இருந்த முதியவர் ஒருவர், “எங்க தாத்தா காலத்திலேயே இதைக் கல்வேர்னுதான் சொல்லுவாங்க தம்பி, நாங்க யாரும் தொட்டதில்ல” என்றது எங்கள் வாதத்தை விட அதிகம் எடுபட்டது.

வேறோர் எடுத்துக்காட்டையும் சொன்னோம். கல்லமேட்டுப் பாறைகளிலிருந்து 1980-களில் புருஹத்காயோசாரஸ் என்ற பெயரில் மிகப் பெரிய டைனோசர் ஒன்று விவரிக்கப்பட்டது. அந்த எலும்புகள் பின்னர் சிதைந்து அழிந்துவிட்டன. மூலப்பொருள் கையில் இல்லாததால், அவை எலும்புகள்தாமா, கல்லான மரமா என்ற ஐயம்கூட நெடுங்காலம் எழுந்துகொண்டிருந்தது. மழைக்கும் வெயிலுக்கும் இப்பாறைகள் எவ்வளவு விரைவில் நொறுங்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று இவ்வட்டாரத்தில் இல்லை.

அப்படியானால் பெயர்த்துப் பாதுகாப்பதுதானே முறை என்ற கேள்வி உடனே வந்தது, நியாயமான கேள்வி. எலும்பு விஷயத்தில் பெரும்பாலும் அதுவே சரி. இங்கே நுண்மணற்கல் விரலால் சுரண்டினாலே உதிரும் தன்மையது; குழல்களைச் சுற்றி வெட்டினால் சுவரில் இருக்கும் உருண்டைகள்தாம் முதலில் உதிரும். அச்செடுக்கும் யோசனையும் இதே காரணத்தால் கைவிடப்பட்டது. அச்சுக்காகப் பூசும் ரப்பரை உரித்தெடுக்கும்போது கல்லின் மேற்பரப்பும் உடன் வந்துவிடும். ஆகவே கரையை அப்படியே விட்டு, பதிவை முழுமையாக எடுப்பது என்று தீர்மானித்தோம். அளவுகோல் வைத்த படங்கள், அடி முதல் உச்சி வரை அளந்து வரைந்த அடுக்குப் படம், ஒவ்வொரு குழலும் தொடங்கும் மட்டமும் முடியும் மட்டமும், முகத்தின் திசை ஆகியவை சுத்தம் செய்வதற்கு முன்பே பதிவாயின. சுத்தம் செய்யும் தூரிகை முதலில் போனால், மழை தானாகக் கழுவி வெளிப்படுத்திய நுண்விவரம் போய்விடும் என்பது காரணம்.

சுண்ணாம்பு இருந்தால் அமிலம் பட்டதும் பொங்கும்; அந்தச் சோதனையைக் கரையில் செய்யவில்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உதிர்ந்த சில்லுகளில் மட்டும் ஒரு துளி வைத்துப் பார்த்ததில், குழல் நிரப்பு நன்கு பொங்கியது, சுற்றியுள்ள மணற்கல் மந்தமாகப் பொங்கியது, களிமண் உருண்டைகளில் அசைவு இல்லை. ஏற்கெனவே விழுந்து கிடந்த, முகத்தில் பொருந்தும் இடம் தெளிவாகத் தெரிந்த ஒரே ஒரு கட்டியை மட்டும், மேற்பக்கத்தில் அம்புக்குறி வரைந்து, ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச்சென்றோம். அதை அறுத்துப் பார்த்ததில் உருண்டைச் சுவரின் தடிமனும், நிரப்பிலிருந்த சிப்பித் தூள் மேலடுக்கின் தூளோடு ஒத்திருப்பதும் உறுதியாயின.

பெயரிடும்போது எழுந்த விவாதம்

மேலே உருண்டைச் சுவர், கீழே மழமழப்பான சுவர் என்ற வேறுபாட்டைக் கொண்டு, மாணவர்களில் ஒருவர் மேற்பகுதியை ஓபியோமார்ஃபா என்றும் கீழ்ப்பகுதியைத் தலாசினாய்டஸ் (மழமழப்பான சுவருள்ள கிளைத்த வளைத் தடத்தின் பெயர்) என்றும் எழுதி, இரண்டு வகை விலங்குகள் வாழ்ந்தன என்று முடித்திருந்தார். பெயர்கள் சரியே; ஆனால் அவற்றிலிருந்து அந்த முடிவு வராது. தடப் புதைபடிவத்துக்குப் பெயர் வைப்பது அதன் வடிவத்துக்குத்தான், அதை உண்டாக்கிய விலங்குக்கு அன்று. ஒரே விலங்கு வெவ்வேறு மண்ணில் வெவ்வேறு வடிவத்தை உண்டாக்கும். வெவ்வேறு விலங்குகள் ஒரே வடிவத்தையும் உண்டாக்கும். சரியும் மணலில் உருண்டைகளால் பூச வேண்டிய தேவை, இறுகிய களிமண்ணில் இல்லை. அறுத்த கட்டியில் உருண்டைச் சுவருள்ள ஒரு குழல், இடைவெளியே இல்லாமல் மழமழப்பான குழலாகத் தொடர்வது கண்ணெதிரே தெரிந்தது. ஆகவே இரண்டு பெயர்களும் பதிவில் இருக்கும், ஆனால் தோண்டியது ஒரே வகை விலங்காக இருக்க முழு வாய்ப்பு உண்டு என்று எழுதினோம். விலங்கின் உடல் எச்சம் எதுவும் கிடைக்கவில்லை. இத்தகைய இறால்களின் ஓடு மெல்லியது. எஞ்சினால் பெரும்பாலும் இடுக்கி மட்டுமே எஞ்சும். எனவே வளை தோண்டிய, இறால் போன்ற கணுக்காலி என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

ஆழம் குறித்தும் அதே எச்சரிக்கை தேவைப்பட்டது. நேராக இறங்கும் வளைகள் மிகுந்த மணலை, அலை அடிக்கும் ஆழங்குறைந்த கடல் என்று பாடநூல்கள் சொல்லும். தடப் புதைபடிவங்களின் தொகுப்பைக் கொண்டு படிவுச் சூழலை ஊகிக்க, ஜெர்மானியத் தொல்லுயிரியலாளர் அடால்ஃப் சைலாகர் 1960-களில் வகுத்த தடத்தொகுதி முறையிலிருந்து வந்த கருத்து அது. ஆனால் ஓபியோமார்ஃபா ஆழ்கடல் மணலடுக்குகளிலும் பதிவாகியுள்ளது. ஆழங்குறைவு என்ற முடிவுக்கு நாங்கள் சாய்வரிகளையும், வழித்துச் செல்லப்பட்ட எல்லையையும், உடைந்த தடித்த சிப்பிகளையும் சேர்த்தே சான்றாகக் கொண்டோம்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் நிகழ்ந்தவற்றின் வரிசை இவ்வாறு அமைகிறது. அமைதியான நீரில் களிமண் படிந்தது. பின்னர் நீரோட்டம் வலுத்து நுண்மணல் வந்து சேர்ந்தது. அந்த மணலில் வளைகள் தோண்டப்பட்டன. தோண்டியவை அடியிலிருந்த களிமண் வரை இறங்கி, அங்கிருந்து சேற்றை மேலே கொண்டுவந்து சுவர் பூசின. அதன் பின் வலுவான நீரோட்டம் ஒன்று மணலின் மேற்பகுதியை வளைகளின் வாயோடு சேர்த்து வழித்துச் சென்றது. அது தணிந்தபோது பருமணலும் சிப்பித் தூளும் கொட்டித் திறந்திருந்த குழல்களை நிரப்பின. மேலே சிப்பி அடுக்கு மூடியது. குழல்களின் உண்மையான வாய் எங்குமே எஞ்சவில்லை என்பதால், அவை முதலில் எவ்வளவு ஆழமாக இருந்தன என்பதை இம்முகத்திலிருந்து அளக்க இயலாது.

பின்னர் நடந்தவை

பதிவின் ஒரு படி பள்ளிக்கும், ஒன்று ஊராட்சிக்கும் கொடுக்கப்பட்டது. உரிய அரசுத் துறைக்கும் கடிதம் அனுப்பப்பட்டது. சாத்தனூர்க் கல்மரத்தையும் காரை வறண்ட நில வெளியையும் போல நினைவுச் சின்னமாக அறிவிக்கப்படும் அளவு இந்த ஓடைக்கரை பெரிதன்று; அப்படிக் கேட்கவும் இல்லை.

பள்ளிக் கல்லை என்ன செய்வது என்பதில் சற்று இழுபறி இருந்தது. நட்ட கல்லைச் சாய்ப்பது அபசகுனம் என்று ஒருவர் தயங்கினார். கடைசியில் மாணவர்களே ஒரு யோசனை சொன்னார்கள்: கல்லை நடுக்கோடு கிடைமட்டமாக வரும்படி மேடை கட்டிப் படுக்க வைத்து, மேற்பக்கத்தில் அம்புக்குறி இட்டு, முன்பு எப்படி நின்றது என்ற படத்தையும் அருகில் ஒட்டுவது. அவ்வாறே செய்யப்பட்டது. பழைய படத்தை நீக்காமல் வைத்தது நல்ல முடிவு. அதைப் பார்த்த பிறகுதான் வருகிறவர்கள் குழலின் வாயில் இருக்கும் கோட்டைத் தேடுகிறார்கள்.

அடுத்த பருவமழையில் கரையின் ஒரு பகுதி எதிர்பார்த்தபடியே சரிந்தது. நேராக இறங்கிய குழல்களில் பல போய்விட்டன. புதிதாகத் தெரிந்த முகத்தில் கீழ்மட்ட வலைப்பின்னல் முன்னதை விடத் தெளிவாக இருந்தது. முந்தைய அடுக்குப் படத்தோடு ஒப்பிட்டதில் அந்த வலை ஒரே மட்டத்தில், களிமண் அடுக்கின் மேற்பரப்பைப் பின்பற்றியே செல்வது உறுதியானது. முதல் பதிவு இல்லாமல் இந்த முகத்தை மட்டும் பார்த்திருந்தால், மேலே நேர்க்குழல்கள் இருந்தன என்பதை ஊகிக்கவே வழியில்லை. வெறும் தலாசினாய்டஸ் என்று எழுதி முடித்திருப்போம்.

அடுத்த முறை மாற்றுபவை

ஆசிரியர்களுக்கு அனுப்பும் குறிப்பில் இப்போது மூன்று செய்திகளைச் சேர்த்திருக்கிறோம். கல்லைத் தொடுவதற்கு முன் ஏதாவது ஓர் அளவுப் பொருளை அருகில் வைத்து, முழு முகமும் தெரியும்படி ஒரு படமும் நெருங்கிய படமும் எடுக்க வேண்டும். எடுத்தே ஆக வேண்டிய துண்டாக இருந்தால், எடுப்பதற்கு முன்னரே மேற்பக்கத்தில் பென்சிலால் அம்புக்குறி இட வேண்டும். அது என்ன என்ற முடிவை அதனுடன் வைக்கும் அட்டையில் எழுதாமல், எங்கே, எந்த அடுக்கில் என்பதை மட்டும் எழுத வேண்டும். கைபேசிப் படங்கள் பலவற்றைக் கோணம் மாற்றி எடுத்தால் முகத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் மீட்டுவிடலாம். சரிந்துபோன பகுதிக்கு அது கிடைத்திருந்தால் குழல்கள் கிளைக்கும் கோணங்களை இப்போதும் அளந்திருக்கலாம்.

சிப்பி அடுக்கு ஒரே நீரோட்டத்தில் படிந்ததா, பல முறை வழித்தும் கொட்டியும் உண்டானதா என்பது இன்னும் தீரவில்லை. ஒரே கரையில் அதைத் தீர்க்க முடியாது. ஓடையின் மேற்பகுதியில் கோடையில் கிணறு ஆழப்படுத்தவிருக்கும் நிலத்துக்காரர், உள்சுவர் கட்டுவதற்கு முன் அடுக்குகளை அளந்துகொள்ள இசைந்திருக்கிறார்.